உப்பைத் துடைத்த அத்தை

பக்கத்து வீட்டு அத்தை யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பாள். விரலால் அதை ஒரு தடவு தடவி, அந்த விரலை நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏறிக்கினு இருக்குது" என்பாள். உப்பைத்தான் சொல்கிறாள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருக்கும். அதை எடுத்துத் தாழ்ப்பாளைத் துடைப்பாள், கீலைத் துடைப்பாள், பக்கத்தில் நிற்கும் சைக்கிளின் கைப்பிடியையும் கையோடு துடைத்துவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொல்வாள். பல நேரம் வந்த விஷயம் அவளுக்கே மறந்து போயிருக்கும்.

அவள் எங்களுக்கு உறவில்லை. அம்மா அவளை அண்ணி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. பனித்திட்டு என்ற மீனவ ஊரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுவர். அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். கடல்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, மின்விசிறியின் இறக்கை, தையல் ஊசி, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் ஜாமென்ட்ரி பெட்டி எல்லாமே பொரிந்து உதிரும். இரும்பென்றால் இரண்டு வருடம் என்று நாங்கள் பழகிவிட்டோம். அத்தை மட்டும் பழகவில்லை.

மாமா, அதாவது அத்தையின் கணவர், கடலிலிருந்து திரும்பியதும் படகின் இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து கொல்லையில் இருக்கும் மரச்சட்டத்தில் மாட்டுவார். அதற்குமேல் அது அத்தையின் பொறுப்பு. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் கால்பகுதி அதில் மூழ்கும்படி வைத்து, கயிற்றை இழுத்து ஓடவிடுவாள். உள்ளே போன கடல்தண்ணீரை நல்ல தண்ணீர் வெளியே தள்ளும்வரை ஓடும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் போர் தண்ணீரும் கரிக்கும். அத்தை காலையில் குழாயில் வரும் குடிதண்ணீரைத்தான் ஊற்றுவாள். அதற்காகவே நாலு குடம் அதிகம் பிடிப்பாள். குழாயடியில் தினமும் சண்டை வரும்.

"உன் வூட்டுக்காரருக்குக் குடிக்கத் தண்ணி வெச்சியா, இல்ல இன்ஜினுக்கு மட்டுந்தானா?" என்று யாராவது கேட்பார்கள்.

"அவரு துரு புடிக்க மாட்டாரு. வரிசையில நவுரு" என்பாள்.

சுனாமி அலை வந்து ஊரைப் புரட்டிப்போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பதும் நான் பார்த்ததா, அம்மா சொன்னதா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஒன்றை நான் பார்த்தேன். லாரியில் தண்ணீர் வந்தது. எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள். அத்தை வரிசையில் நின்று தன் பங்கைப் பிடித்துவந்து, சேற்றுக்குள் கிடந்த எங்கள் அம்மாவின் தையல் மிஷின்மேல் ஊற்றினாள். குடிக்கத் தண்ணீரில்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது இவள் இப்படிச் செய்கிறாளே என்று கண்டபடி திட்டினார்கள்.  அத்தை இன்னொரு குடம் வாங்கிவந்து அதையும் ஊற்றினாள். பிறகு மிஷினைக் கவிழ்த்துவைத்து, ஒரு வாரம் யாரையும் தொடவிடவில்லை. அம்மா இன்றும் அந்த மிஷினில்தான் தைக்கிறாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அரசாங்கத்தின் மடிக்கணினி கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வந்த முதல் மடிக்கணினி அது. பாகூர் பள்ளியிலிருந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இடித்துவிடுவார் என்று பயம். நான் அப்போதே அப்படித்தான். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அது உடையும் விதங்கள்தான் எனக்கு முதலில் தோன்றும். சாயங்காலம் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அத்தை கடைசியாக வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருக்கும் சின்னச்சின்னத் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இத்தினி ஓட்டையா? இது வழியா எல்லாம் காத்து போவுமே" என்றாள்.

சூடு வெளியே போவதற்காக வைத்திருக்கிறார்கள் என்றேன். வெளியே போகிற வழியில்தான் உள்ளேயும் வரும் என்றாள். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றாள். பாதுகாக்கும் முறைகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதே. மூடியைப் பிடித்துத் தூக்காதே. பக்கத்தில் டீ டம்ளர் வைக்காதே. அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"கடலாண்ட வெக்காதன்னு எழுதியிருக்குதா?"

"இல்ல அத்த."

"அப்ப கடலப் பாக்காதவன் எழுதுனது அது. கீழ வை."

அன்றிலிருந்து அந்த மடிக்கணினிக்கு நாங்கள் இரண்டு பேர் காவல் ஆனோம். கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து மேஜையைத் தள்ளிப்போடச் சொன்னாள். ரெக்சின் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டுவைப்போம் அல்லவா, நசநசக்காமல் இருக்க? அதேபோல அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, சின்னத் துணியில் மூட்டையாகக் கட்டி உறைக்குள் போட்டாள். மாதாமாதம் அமாவாசைக்கு, கடலுக்குப் போகாத நாளில், மூட்டையை மாற்றுவாள். பழைய அரிசியை என்ன செய்வாய் என்று கேட்டேன். கோழிக்கு என்றாள். "உன் லேப்டாப்பு சாப்ட்ட மிச்சம்" என்று சொல்லிக் கோழிகளுக்குப் போடுவாள்.

என் கூடப் படித்தவர்களின் மடிக்கணினிகளில் ஒவ்வொன்றாக எழுத்துப் பலகை போனது, மூடியின் கீல் போனது. என்னுடையது கல்லூரி மூன்றாம் வருடம்வரை புதிதாகவே இருந்தது. கல்லூரியில் தோழிகள் கேட்பார்கள், கடற்கரை ஊரில் எப்படி இப்படி வைத்திருக்கிறாய் என்று. நான் கவனமாக இருப்பேன் என்று சொல்வேன். அத்தையைப் பற்றிச் சொன்னதில்லை. வறுத்த அரிசி என்றால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு செயல்திட்டம் செய்து காட்ட வேண்டும். நாலு மாத வேலை முழுவதும் அந்தக் கணினிக்குள் இருந்தது. பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. படகுகள் நிற்கும் இடத்தில்தான் கிடைக்கும். மதியம் மூன்று மணி. அம்மா பாகூர் சந்தையில் மீன் விற்கப் போயிருந்தாள். கடற்கரைக்குக் கணினியைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் இடையிலான முதல் விதி. ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். ஒரு படகின் நிழலில் மணலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். எப்போதும் வரும் இடத்தைத் தாண்டி ஒரு அலை ஏறி வந்தது. எழுந்திருக்கத்தான் நேரமிருந்தது. கணினியைப் பிடிக்க நேரமில்லை, மடியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. இடுப்புவரை நனைந்தேன். கணினி முழுவதும் நனைந்தது.

ஓடிவந்தேன். கொல்லையில் அத்தை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை நிறுத்தினாள். ஏன் கடற்கரைக்குப் போனாய் என்று அவள் கேட்கவேயில்லை. அதை இப்போது நினைத்தால்தான் எனக்குத் தெரிகிறது.

"ஆப் பண்ணிட்டியா?"

தானாகவே அணைந்துவிட்டது என்றேன். பேட்டரியைக் கழற்று என்றாள். நான் கணினியைத் திருப்புவதற்குள் அவளே வாங்கிக் கழற்றினாள். கணினியைத் திறந்து, கவிழ்த்து, உள்ளே இருந்த கடல்தண்ணீரை வடியவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குடிதண்ணீர்க் குடத்தை எடுத்துவந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் எழுத்துப் பலகைமேல் ஊற்றத் தொடங்கிவிட்டாள். நான் குடத்தைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம், இதுவும் தண்ணீர்தான் என்று கத்தினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நல்ல தண்ணி ஒண்ணும் செய்யாதுடி. அது வந்த வழியே போயிடும். உப்பு போவாது. உள்ளயே உக்காந்துக்கினு தின்னும்."

குடம் காலியாகும்வரை ஊற்றினாள். கூடாரம்போல் விரித்துக் கவிழ்த்து, எங்கள் வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில், மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயாதா என்று கேட்டேன். மேலே காயும், உள்ளே வேகும் என்றாள். ஒரு வாரம் தொடாதே என்றாள். விரல்விட்டு ஏழு எண்ணிக் காட்டினாள். ஏழாம் நாள் வருவதற்கும் கல்லூரிக்குப் போவதற்கும் இடையில் எனக்கு ஐந்து நாள் இருக்கும். போதும் என்றுதான் நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் தூங்கவில்லை. இரண்டாம் நாள் பத்துத் தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம் எழுத்துப் பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. துளைகளுக்குள் ஊதிப் பார்த்தேன். ஈரம் வரவில்லை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அத்தை மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும், உடனே அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் எங்கோ மெல்லிய நூல் அறுந்ததுபோல ஒரு சத்தம். கருகிய வாசனை. விளக்கு அணைந்துவிட்டது.

பேட்டரியைக் கழற்றினேன். கணினியை முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன். ஜன்னலைத் திறந்து வாசனை போகும்வரை விசிறினேன்.

அடுத்த நாலு நாளும் அத்தை காலையும் மாலையும் வந்து பார்த்தாள். மின்விசிறிக் காற்று எல்லாப் பக்கமும் படும்படி கணினியைத் திருப்பி வைத்தாள். நான் அவளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு அந்த நாலு நாளும் நேரம் இருந்தது.

ஏழாம் நாள் அத்தையே நாலு பேரைக் கூப்பிட்டு வந்தாள். இன்ஜினைப் பிழைக்கவைப்பவள், கணினியையும் பிழைக்கவைத்தாள் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்திருக்கும். மாமாவும் வந்து வாசல்படியில் நின்றார். நான் பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். திரும்ப அழுத்தினேன். அத்தை வாங்கித் தானும் அழுத்தினாள். யாரோ ஒருவர், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் எந்த மிஷின்தான் வேலை செய்யும் என்றார். இன்னொருவர், அடுத்து சோப்பு போட்டுப் பார்க்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, கணினியைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னைத்தான் கேட்டாள். "அவ ஊத்துறப்ப நீ இன்னாடி பண்ணிக்கினு இருந்த?"

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். அத்ததான் ஊத்துச்சு."

இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது. அத்தை கணினியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். ஆமாம், இவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று அவளும் சொன்னாள்.

அம்மா அதற்குப் பிறகு பேசியதை நான் எழுதமாட்டேன். பிள்ளையின் படிப்பில் கைவைத்துவிட்டாய் என்பதுதான் அதன் சுருக்கம். மாமாவுக்கு அது தாங்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் தன் மனைவி திட்டு வாங்குவதைவிட, அதைத் தானே செய்துவிடுவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ.

"இனிமே என் இன்ஜின்ல கைய வெச்ச பாரு" என்றார்.

அது கோபத்தில் சொன்ன சொல், நாலு நாளில் போய்விடும் என்று நான் நினைத்தேன். போகவில்லை. ஊரில் அவளுக்குக் கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டினவள் என்று பேராகிவிட்டது. மாமாவை ஏலம் போடும் இடத்தில் கேலி செய்தார்கள். அவர் பிடிவாதமாக இருந்துவிட்டார். தானே இன்ஜினைக் கழுவினார். போர் தண்ணீரில் இரண்டு நிமிடம். அத்தை கொல்லைக் கதவுக்குள் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாவது வருடம் அந்த இன்ஜின் உப்பேறி இறுகிப் போனது.

என் செயல்திட்டத்தை ஒரு தோழியின் கணினியில் இரவு பகலாக உட்கார்ந்து திரும்பச் செய்துவிட்டேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாம் நாள் நான் அழுத்தியதால் அது கெடவில்லை, ஏற்கெனவே கழுவியதில் கெட்டதைத்தான் நான் அன்று பார்த்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நாள் அதை நம்பினேன். மீதி நாள் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன்.

அத்தை அடுத்தவர் வீட்டுத் தாழ்ப்பாளைத் தொடுவதை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவாள். ஒருநாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஒரு வாரம்னு நான் சொன்னது கம்மியாடி? பத்து நாள்னு சொல்லியிருக்கணுமோ?"

"தெரியல அத்த" என்றேன்.

"அதான் தப்பாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் கல்யாணத்துக்குச் சீர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவள் வந்து நின்றாள். பீரோவின் கைப்பிடியை நோக்கி அவள் கை போனது, பாதியில் நின்றது. துடைக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டாள். "வேணாம் அண்ணி, புதுசு" என்றாள் அம்மா. வெடுக்கென்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அவளுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு நிறைமாதம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவள் இறந்தபோது என் மகள் பிறந்து இருபது நாள். பச்சைக் குழந்தையோடு சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று அம்மா போனில் சொன்னாள். மாமியாரும் அதையே சொன்னார். நான் போகவில்லை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்டேன் என்று இருந்துவிட்டேன். அவர்கள் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

இப்போது வில்லியனூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை. மகளுக்கு மூன்று வயது. போன மாதம் நான் ஒரு நிமிடம் எழுந்துபோன நேரத்தில் டம்ளர் நிறையப் பாலை எழுத்துப் பலகைமேல் கவிழ்த்துவிட்டாள். அணைத்துத் துடைத்து, கடைத்தெருவில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குக் குழந்தையோடு ஓடினேன். அங்கே வேலை பார்த்தது ஒரு இளம்பெண். திருகாணிகளைக் கழற்றி, பேட்டரியைத் தனியே எடுத்துவைத்து, உள்ளே இருந்த பச்சைப் பலகையை வெளியே எடுத்தாள். பாட்டிலிலிருந்து தண்ணீரை அதன்மேல் ஊற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கழுவுகிறீர்களே என்றேன்.

சுத்தமான தண்ணீர் கெடுக்காது, பால் உள்ளே தங்கினால்தான் கெடுக்கும் என்று அவள் சொன்னாள். மின்சாரம் இல்லாமல் இருந்து, நன்றாகக் காய்ந்துவிட்டால் போதுமாம். என் பயத்தைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள். கடல்தண்ணீர் பட்டால் என்று கேட்டேன். தெரிந்தவர் ஒருவருக்கு அப்படி ஆனது என்று சொல்லி, பேட்டரியைக் கழற்றியது, குடிதண்ணீரில் கழுவியது, நிழலில் விசிறிக்குக் கீழே கவிழ்த்து வைத்தது, அப்படியும் அது பிழைக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாளை மட்டும் சொல்லவில்லை.

"யாருங்க கழுவுனது, மெக்கானிக்கா?"

"இல்ல. பக்கத்து வீட்டு அத்தை."

"கரெக்டாத்தான் செஞ்சிருக்காங்க. நான் இருந்திருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்." பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "காயறதுக்கு முன்னாடி யாரோ ஆன் பண்ணியிருப்பாங்க அக்கா. அதான் போயிருக்கும்."

என் கணினி நாலு நாளில் சரியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பனித்திட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் நான் செய்ததை அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இதை இப்போது கிளறாதே என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். வாழ்க்கையில் நான் அம்மா சொன்னதை மீறியது அதிகமில்லை. அன்று மீறினேன். உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியது. அப்படி உறுதியாகத் தோன்றுவது எனக்கு அபூர்வம்.

வலை பின்னும் கூடத்தில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போவதில்லை. மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பின்னிக் கொடுக்கிறார். மெலிந்திருந்தார். என் மகளைப் பார்த்து, அப்படியே உன் அம்மா ஜாடை என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அலை வந்தது, அத்தை கழுவியது, மூன்றாம் நாள் நான் செய்தது, வில்லியனூர்க் கடைப் பெண் சொன்னது.  பின்னிக்கொண்டிருந்த அவர் கை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"சொன்னா அவ" என்றார் கடைசியில். "ஒரு வருசம் சொல்லிக்கினே இருந்தா. நான் சரியாத்தான் செஞ்சேன், எங்கயோ வேற இன்னாமோ ஆயிருக்குதுன்னு. வாய மூடுன்னேன். அப்புறம் வுட்டுட்டா."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்டதுபோலத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கறப்ப ஊசி போட நரம்பு கெடைக்கல. எல்லா எடத்திலயும் குத்திப் பாத்தாங்க. அப்ப சொன்னா, இது வெளங்காத கையி, வுட்டுடுங்கன்னு." என்னைப் பார்த்தார். "நீ அவளாண்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"அப்ப என்னாண்ட ஏன் சொன்ன?"

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உண்மை தெரிய வேண்டும் என்று, அத்தையின் பெயர் நல்லபடியாக வேண்டும் என்று, வழியெல்லாம் நான் தயார்செய்து வந்த பதில்கள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தபோது அவற்றில் எதையும் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடம் நான் சுமந்ததை அன்று காலை பஸ்ஸில் கொண்டுவந்து அவர் மடியில் இறக்கியிருந்தேன். இன்ஜினைத் தொடாதே என்று சொன்னவர் அவர். அது இத்தனை நாள் அவருக்கு ஒரு நியாயமாக இருந்தது. இனி இருக்காது.

 என் மகள் கூடத்துக்கு வெளியே போய் மணலில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போம்மா" என்றார். "கொழந்த வெயில்ல நிக்குது."

மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெரு திரும்பும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். வலை அவர் மடியில் கிடந்தது. அவர் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.